ஹேண்டில்பாரை மாத்தலாம்... பிரேக்கை மறக்கலாமா?

"மாமா, இந்த ஹேண்டில்பாரைக் கழட்டிப்போட்டு, நேரா கம்பு மாதிரி இருக்குமே, அதை மாட்டினா நல்லா இருக்குமுங்களா?"

பரமத்தி வேலூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஏழாம் வகுப்புச் சுட்டி ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். அவன் ஓட்டுவது அவனுடைய அப்பாருவின் பழைய சைக்கிள். (கொங்கு நாட்டில் அப்பாவின் அப்பாவை 'அப்பாரு' என்றுதான் கூப்பிடுவோம்.) கறுப்பு நிறம், பெரிய கேரியர், கியர் கிடையாது. அந்தக் காலத்தில் வெற்றிலைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன சைக்கிள் அது.

பேரனுக்கோ அந்த வளைந்த ஹேண்டில்பாரைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கிறதாம். கூடப் படிக்கும் பையன்கள் எல்லாம் நேரான ஹேண்டில்பார் வைத்திருக்கிறார்களாம். பொங்கலுக்கு வந்த காசு, மாமா கொடுத்த காசு எல்லாவற்றையும் உண்டியலில் சேர்த்து வைத்திருக்கிறான். அப்பாருவோ, "அதைத் தொட்டீன்னா பாரு!" என்று ஒரே பிடியாக நிற்கிறார். தீர்ப்புச் சொல்ல நான்தான் கிடைத்தேன்.

தம்பி, தங்கைகளே! உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். ஹேண்டில்பாரை மாற்ற வேண்டும் என்றாலே, "நல்லா இருக்கிற வண்டியைக் கெடுக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் உங்கள் கட்சி. சைக்கிள் என்பது கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த வண்டி. ஒரு ஸ்பேனரைப் பிடித்து நட்டைக் கழற்றிப் பார்க்காத பிள்ளைக்குச் சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே, மாத்தலாம். ஆனால், ஹேண்டில்பார் தனியாக வராது. பிரேக்கையும் கையோடு இழுத்துக்கொண்டுதான் வரும். அதை மறந்துவிட்டு மாற்றுவது தப்பு. என் தீர்ப்பு அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒரு சின்ன சோதனை. சைக்கிளில் ஏறாமல் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். ஹேண்டில்பாரின் நடுப்பகுதியை, கழுத்துக்குப் பக்கத்தில், இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்புங்கள். கஷ்டமாக இருக்கிறதா? இப்போது இரண்டு ஓரங்களையும் பிடித்துத் திருப்புங்கள். லேசாகத் திரும்புகிறதல்லவா? கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளுவதற்கும் ஓரத்தில் தள்ளுவதற்கும் உள்ள அதே வித்தியாசம்தான். அறிவியல் பாடத்தில் நெம்புகோல் என்று படித்திருப்பீர்களே, அது இங்கேயும் இருக்கிறது.

அகலமான ஹேண்டில்பார் நிதானமாகத் திரும்பும். கல்லில் ஏறினாலும் கையை உதறிவிடாது. குறுகலான ஹேண்டில்பார் சட்டென்று திரும்பும். சந்து பொந்தில் சுலபமாக நுழையும். ஆனால், கை கொஞ்சம் ஆடினாலும் சக்கரமும் ஆடிவிடும்.

அடுத்தது, அதன் வளைவு. அப்பாருவின் ஹேண்டில்பார் ஓட்டுகிறவரை நோக்கிப் பின்பக்கமாக வளைந்திருக்கும். முதுகு நிமிர்ந்து, தலை உயர்ந்து, கை மணிக்கட்டு வலிக்காமல் உட்காரலாம். நாலு பக்கமும் வண்டி வருகிற சந்தைத் தெருவுக்கு இதைவிட நல்ல ஹேண்டில்பார் கிடையாது. இரண்டு பக்கமும் பை தொங்கவிடலாம். பால் கேனும் தொங்கவிடலாம். வேலூரில் வாழைத்தார் ஏலம் நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். பழைய சைக்கிளில் வருகிற பெரியவர்களில் ஒருவராவது குனிந்து ஓட்டுகிறாரா என்று எண்ணிச் சொல்லுங்கள்!

நேரான ஹேண்டில்பார் உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கும். கியர் இல்லாத சைக்கிளில் மேடு ஏறும்போது நாம் என்ன செய்வோம்? சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, மிதிப்போம். அப்போது நேரான, அகலமான ஹேண்டில்பார் நல்ல பிடிப்புக் கொடுக்கும். பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று இதனால்தான் சொன்னேன்.

மூன்றாவது வகை, ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே சுருண்டிருக்கும் ரேஸ் ஹேண்டில்பார். இது காற்றுக்காகவே உண்டானது. வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஆடி மாதக் காற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, கொங்குச் சமவெளி முழுக்க வீசும் மேற்குக் காற்று அது. வேலூரிலிருந்து பொத்தனூர், பாண்டமங்கலம் வழியாக ஜேடர்பாளையம் போகிறவர்களுக்கு அது நேராக முகத்தில் அறையும். மேடே இல்லாத சாலையில் மேடு ஏறுவதுபோல மூச்சு வாங்கும். கியர் வண்டிக்காரன் கியரைக் குறைத்துக்கொள்வான். நமக்கு இருப்பது ஒன்றே ஒன்று! நாம் என்ன செய்வோம்? உடம்பைக் குறுக்கிக்கொள்வோம்.

ஏனென்றால், காற்றைத் தடுத்து நிற்பது சைக்கிளைவிட நம் உடம்புதான் அதிகம். இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். அதனால்தான் பந்தய வீரர்கள் குனிகிறார்கள். குனிய வைப்பது எது? ஹேண்டில்பார்.

இதை வைத்து உலகத்தையே ஆச்சரியப்பட வைத்த ஒருவரின் கதையைச் சொல்லட்டுமா? அவருடைய சைக்கிளிலும் கியர் மாற்ற வழி இல்லை, உங்கள் சைக்கிள் போலத்தான்.

அவர் பெயர் கிரேம் ஓப்ரி. ஸ்காட்லாந்துக்காரர். பெரிய கம்பெனிகளின் ஆதரவு எதுவும் அவருக்கு இல்லை. ஒரு சைக்கிள் கடை நடத்தி, அதிலும் நஷ்டப்பட்டவர். ஆனால், மூளை முழுக்கச் சைக்கிள்தான். 'எல்லோரும் கையை முன்னால் நீட்டி ஓட்டுகிறார்களே, நான் கையை மடக்கி நெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்தால் காற்று இன்னும் குறைவாகத்தானே தடுக்கும்?' என்று யோசித்தார். அப்படி உட்கார எந்தக் கடையிலும் சைக்கிள் கிடைக்கவில்லை. தானே செய்துகொண்டார். கிடைத்த பொருள்களை எல்லாம் அதில் சேர்த்தார். பெடல் சுற்றும் இடத்துக்கு ஒரு பழைய வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைப் பொருத்தினார். அந்தச் சைக்கிளுக்கு அவர் வைத்த பெயர் 'ஓல்டு ஃபெயித்ஃபுல்'. பழைய நம்பிக்கையான தோழன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரத்தில் ஒரே ஆள் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும் என்பது சைக்கிள் உலகின் மிகக் கடினமான சாதனைகளில் ஒன்று. 1984ல் இத்தாலி வீரர் ஃபிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். ஒன்பது வருடமாக யாரும் அதைத் தாண்டவில்லை. 1993 ஜூலை 16ம் தேதி, நார்வே நாட்டில் ஹாமர் என்ற ஊரில் ஓப்ரி முயற்சி செய்தார். அன்றைக்கு அவர் ஓட்டியது, தன் சைக்கிளைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்பட்ட இன்னொரு சைக்கிள். தோற்றுப் போனார்.

சாதாரண ஆளாக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். ஓப்ரியோ, "நாளைக் காலையில் மறுபடி ஓட்டுகிறேன்" என்றார். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டிய கால் மறுநாள் விறைத்துப் போகுமே! அதற்கு அவர் செய்த தந்திரத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். படுக்கப் போகும்போது நிறையத் தண்ணீர் குடித்தார். ராத்திரி அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தடவை எழும்போதும் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும், புதுச் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுத் தன் பழைய தோழனில் ஏறினார். 51.596 கிலோமீட்டர். உலக சாதனை!

ஆறே நாளில் கிறிஸ் போர்டுமன் என்ற இங்கிலாந்து வீரர் அதை முறியடித்தார். 1994 ஏப்ரலில் ஓப்ரி 52.713 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பவும் பிடித்துக்கொண்டார். பிறகுதான் வந்தது சிக்கல். அப்படிக் கையை மடக்கி உட்காரக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் அதே 1994ல் தடை போட்டுவிட்டது. அவர் விடவில்லை. கைகளை நேராக முன்னால் நீட்டி, சூப்பர்மேன் பறப்பதுபோல ஓட்டுகிற இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். 1995ல் உலகப் பட்டமே வாங்கினார். 1996ல் அதற்கும் தடை! தடை போட்டது நியாயமா என்று நீங்களே வகுப்பில் விவாதம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஓப்ரியின் பக்கம்தான் மனசு போகிறது.

கியர் உள்ள சைக்கிளிலும் ஹேண்டில்பார் கதை ஒன்று உண்டு. 1989ல் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயம். மூன்று வாரம், 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. கடைசி நாளில் மீதி இருப்பது 24.5 கிலோமீட்டர். ஃபிரான்ஸ் வீரர் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னால் இருக்கிறார். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளும் ஒரு புது மாதிரி ஹேண்டில்பாரோடு வந்தார். ஃபின்யோனிடம் அது இல்லை. முடிவில் லெமாண்ட் வென்றார். எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 8 விநாடி! ஹேண்டில்பார் மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று சொல்லமுடியாது. காலும் நெஞ்சுரமும் அவருடையதுதானே. ஆனால், 8 விநாடி என்பது நீங்கள் செருப்பு மாட்டுகிற நேரம்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். கண் விரியக் கேட்டுவிட்டு, "அப்ப நானும் மாத்திக்கிறேனுங்க மாமா" என்று கிளம்பிவிட்டான். "நில்லுடா கண்ணு, பாதிதான் சொன்னேன்" என்று பிடித்து உட்கார வைத்தேன்.

ஓப்ரி சாதனை செய்த சைக்கிளில் பிரேக் கிடையாது. ஆமாம், நிஜம்தான். வட்டமான பந்தயத் தடத்தில் ஓடுகிற சைக்கிள்களில் பிரேக் வைப்பதில்லை. அங்கே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, கரும்பு ஏற்றிய டிராக்டர் திரும்பாது. மேலும், அந்தச் சைக்கிள்களில் சக்கரமும் பெடலும் சேர்ந்தேதான் சுற்றும். காலை மெதுவாக்கினால் சக்கரமும் மெதுவாகும். நம் சைக்கிள் அப்படியா? மிதிப்பதை நிறுத்தினாலும் 'கிர்ர்ர்...' என்று சத்தம் போட்டுக்கொண்டு தானாகவே ஓடுமே! நம் வண்டியை நிறுத்தப் பிரேக்கை விட்டால் வேறு ஆள் இல்லை. நம் ஊருக்குப் பக்கத்திலேயே சேலம் - கரூர் நான்கு வழிச் சாலை வேறு பறந்துகொண்டிருக்கிறது.

இப்போது அப்பாருவின் சைக்கிளுக்கு வாருங்கள். அதில் பிரேக் ஒயர் கிடையாது. ஹேண்டில்பாருக்கு அடியிலேயே கம்பி பொருத்தியிருக்கும். பிரேக்கைப் பிடித்தால் கம்பி மேலே இழுக்கும். சக்கரத்தின் ரிம்முக்கு உள்பக்கம் இருக்கும் பிரேக் கட்டைகள், மேலே போய் ரிம்மில் அழுந்தும். இதைக் கம்பி பிரேக் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பிக்கு வீடே அந்த ஹேண்டில்பார்தான். ஹேண்டில்பாரைக் கழற்றினால் பிரேக்கும் போய்விடும்!

"அதனாலென்ன, ஒயர் பிரேக் போட்டுக்கலாமே?" என்று கேட்கிறீர்கள். அவனும் அதைத்தான் கேட்டான். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒயர் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் இரண்டு பக்கவாட்டிலும், இடுக்கி மாதிரி, அழுத்திப் பிடிக்கும். அதற்கு ரிம்மின் பக்கங்கள் தட்டையாக இருக்க வேண்டும். கம்பி பிரேக் சைக்கிளின் ரிம்மோ ஓரங்கள் உருண்டு இருக்கும். உருண்டையான இடத்தில் கட்டை எப்படிப் பிடிக்கும்? வழுக்கும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ஆக, ஹேண்டில்பாரை மாற்றினால் பிரேக்கை மாற்ற வேண்டும். பிரேக்கை மாற்றினால் ரிம்மையும் மாற்ற வேண்டும். உண்டியல் காசு ஹேண்டில்பாரோடு தீர்ந்துவிட்டால் மீதிக்கு எங்கே போவது?

மீதிக்குக் காசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போது என் வகுப்புப் பையன் ஒருவன் ஹேண்டில்பாரை மாற்றினான். கம்பி பொருந்தவில்லை என்று முன் பிரேக்கைக் கழற்றி வீசிவிட்டு, பின் பிரேக்கை மட்டும் எப்படியோ கட்டி வைத்துக்கொண்டான். "ஒண்ணு போதும்டா" என்பான். நாங்களும் ஆமாம் போட்டோம். அவன் சைக்கிளைச் சுற்றி நின்று பொறாமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு சாயங்காலம் வாய்க்கால் பாலத்துச் சரிவில் இறங்கி வந்தான். கீழே ஒரு மாட்டு வண்டி நின்றிருந்தது. பின் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. முன்பல் இரண்டும் போய், மணிக்கட்டும் உடைந்தது. அரையாண்டுத் தேர்வை இடது கையால் எழுதினான்.

ஏன் அப்படி ஆயிற்று? பஸ் டிரைவர் பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா? சைக்கிளிலும் அதேதான். பிரேக் பிடித்தவுடன் உடம்பின் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடும். முன் சக்கரம் தரையை நன்றாக அழுத்திப் பிடிக்கும். பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் வழுக்கத்தானே செய்யும்? அதனால், வண்டியை நிறுத்துவதில் முன் பிரேக்குக்குத்தான் பெரிய பங்கு. ஆனால், அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் குப்புற விழுவோம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் சைக்கிளில் ஏறாமல், தள்ளிக்கொண்டே போய், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். எது வண்டியைச் சட்டென்று நிறுத்துகிறது என்று கையே சொல்லும்.

உங்கள் சைக்கிளில் ஏற்கெனவே ஒயர் பிரேக் இருந்தால் வேலை சுலபம். சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பக்கத்திலேயே நின்று பாருங்கள். புது ஹேண்டில்பார் அகலமாகவோ உயரமாகவோ இருந்தால் பழைய ஒயரின் நீளம் போதாது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது ஒயர் இழுபட்டுத் தானாகவே பிரேக் பிடிக்கும். நீளமான ஒயராகக் கேட்டு வாங்குங்கள். ஹேண்டில்பாரின் கழுத்துக் குழாயில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் உள்ளே பிடிமானம் போதாமல், ஓட்டும்போது கையோடு வந்துவிடும்.

மாட்டியாயிற்றா? முன் சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பலமாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நேராக நிற்க, ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் நட்டு இறுகவில்லை என்று அர்த்தம். ஓரங்களில் ரப்பர்ப் பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடி கழன்று, வெறும் குழாய் வாய் திறந்திருக்கும் ஹேண்டில்பாரோடு விழுந்தால், அது வயிற்றில் குத்திப் பெரிய காயம் செய்துவிடும். சின்ன ரப்பர்தானே என்று விடாதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே! இதுவரை 'பையன், பையன்' என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். தங்கைகளுக்குக் கோபம் வந்திருக்கும். வரவேண்டியதுதான். பெண் பிள்ளைகளின் சைக்கிள் என்றால் ஒரு கூடை, ஒரு வளைந்த ஹேண்டில்பார், அதோடு சரி என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். உங்கள் கைக்கு எட்டுகிறதா, தோள் வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நீங்களே கேளுங்கள். ஸ்பேனர் எல்லோர் கைக்கும் பொருந்தும்.

சில சமயம் ஹேண்டில்பாரை மாற்றவே தேவை இருக்காது. அந்தப் பையனின் விஷயத்தில் அதுதான் நடந்தது. அவனை ஏறச் சொல்லிப் பார்த்தேன். ஹேண்டில்பார் அவன் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அப்பாருவின் உயரத்துக்கு வைத்தது அப்படியே இருக்கிறது! குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து தோளைத் தூக்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். சைக்கிள் பிடிக்காமல் போனதற்கு வெட்கம் பாதி, தோள்வலி பாதி. கடை அண்ணன் கழுத்து நட்டைத் தளர்த்தி, ஒரு தட்டுத் தட்டி, ஹேண்டில்பாரைக் கீழே இறக்கினார். சீட்டையும் இறக்கினார். ஹேண்டில்பார் இறங்கியதால் பிரேக் கம்பியின் நீளத்தையும் சரிசெய்தார். தேய்ந்துபோன நான்கு பிரேக் கட்டைகளையும் மாற்றினார். உண்டியலில் பெரும்பாகம் மிச்சம்.

ஆனால், நேரான ஹேண்டில்பார் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. நேற்று அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். 'ரிம் 2, பிரேக் 2, ஒயர் 2, ஹேண்டில்பார் 1' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கடையில் கேட்ட விலையைப் போட்டுக் கூட்டியிருந்தான். தீபாவளி வரைக்கும் சேர்த்தால் சரியாக வருமாம். அப்பாரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரி, மாத்திக்கோ. ஆனா கழட்டற ஹேண்டிலை எடைக்குப் போட்டுறாத சாமி, எங்கிட்டக் குடு" என்றார்.